கூதல் பாப்பா

வெள்ளைக்கரட்டுக்கு வெயில் ஒரு பங்காளியைப் போல வந்துகொண்டிருந்தது. யாரும் அழைக்காமல் மாசியிலேயே வந்து, ஆடிக்காற்று அடித்துத் துரத்தும்வரை எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து தின்றுவிட்டு, போகும்போது வெறுங்கையோடு போகாமல் ஒரு வருடம் வாய்க்காலை, ஒரு வருடம் ஊர்க்கிணற்றை, ஒரு வருடம் வெற்றிலைக் கொடிக்கால்களை என்று எதையாவது தூக்கிக்கொண்டு போகும். இனி எடுத்துப்போக நம்மிடம் என்ன இருக்கிறது என்று ஊரார் அசந்திருந்த ஒரு சித்திரையில், வெள்ளைப் பெட்டிக்காரி ஜெசிந்தாவுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைச் சுற்றி மட்டும், நாலு பாய் விரிக்கிற அளவுக்கு, நூறு வருடத்துக்கு முந்தைய பருவம் நடந்துகொண்டிருந்தது.

குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொடுத்த நர்ஸ், தன் கையில் மயிர் சிலிர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டு, யார் ஏசியைப் போட்டது என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் ஏசியே கிடையாது. அதற்குள் அடுத்த கட்டிலில் இருந்தவளுக்கு வலி எடுத்துவிட்டதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஜெசிந்தாவுக்கு மட்டும் அந்தக் குளிர்ச்சி தெரியவில்லை. அவளுக்குக் குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போல வெதுவெதுவென்றுதான் இருந்தது. மார்போடு அணைத்தால் இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய வேர்வைதான் ஊறியது. எமில்டா என்று ஞானஸ்நானம் கொடுத்து வீட்டுக்குத் தூக்கிவந்தபோது, பக்கத்து வீட்டுப் பூக்கார குஞ்சம்மா எட்டிப் பார்த்தவள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்னம்மிணி இது, தை மாசத்துக் கூதல் அடிக்குது உன்ற புள்ளைகிட்ட," என்றாள். அன்றிலிருந்து ஞானஸ்நானப் பெயர் மாதாகோயில் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் கூதல் பாப்பா ஆனாள்.

வெள்ளைப் பெட்டி என்பது வட்டார ஆபீஸ் வளாகத்தில், கம்பி வேலிக்குள், நாலு கால் வைத்து, பக்கமெல்லாம் சாய்வுப் பலகைகள் அடித்து நிற்கும் பெட்டி. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய். காலை எட்டரைக்கும் மதியம் இரண்டரைக்கும் பெட்டியின் கதவைத் திறந்து பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். வெள்ளைக்கரட்டில் நூறு வருடமாக யாராவது ஒருவர் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடங்களையெல்லாம் மேலே உள்ள ஆபீசில் ஒரு கோடாக இழுத்தால், அது மெல்ல மெல்லக் கரடு ஏறுகிற கிழட்டு மாட்டைப் போல மேலேயே போகும். இப்போது எழுதுகிறவள் ஜெசிந்தா. கருமத்தம்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், கான்வென்டில் படித்தவள், எழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்று அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். கணவன் சேவியர் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போய், யார் யாருடைய காட்டிலோ ஆயிரம் அடி ஆழத்துக்குத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தான். மாதம் இரண்டு முறை சிக்னல் கிடைக்கும். "புள்ளை எப்படி இருக்குது?" என்பான். "குளுகுளுன்னு இருக்குதாம்," என்பாள் அவள். "நல்லது," என்பான், அதற்குள் பின்னால் இயந்திரம் உறுமத் தொடங்கிவிடும்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. பிறந்த இருபதாம் நாளே அவள் எமில்டாவை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் போனாள். இரண்டரை மணி, தார்ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, வேலிக்கம்பியைத் தொட முடியவில்லை, பெட்டிக்குள் பாதரசம் முப்பத்துநான்கு புள்ளி இரண்டில் நின்றது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். முப்பத்துநான்கு புள்ளி இரண்டுதான். கான்வென்ட் ஆய்வுக்கூடத்தில் சிஸ்டர் பெனடிக்டா பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது அவளுக்குள் அப்படியே கிடந்தது: கண்ணில் பட்டதை எழுது, மனசில் பட்டதை எழுதாதே. என் உடம்புக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது, கண்ணாடிக் குழாய்க்கு என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு, அச்சடித்தது போன்ற எழுத்தில் அவள் 34.2 என்று எழுதினாள். அப்படியே ஒரு வருடம் எழுதினாள்.

அந்த முதல் நாள்தான், எதேச்சையாக, அவள் ஆபீஸ் அலமாரியிலிருந்த பழைய பதிவேட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்க்கிற எதையும் சரிபார்க்கிற பழக்கம். நூறு வருடத்துக்கு முன்பு, அதே தேதி, அதே இரண்டரை மணி. அந்தக் காலத்து ஃபாரன்ஹீட்டைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டால் மாற்றிப் பார்த்தால் முப்பத்துநான்கு புள்ளி இரண்டு. மறுநாளும் ஒத்துப்போனது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் அந்தப் பதிவேட்டில் சாயங்காலம் ஒன்றேகால் அங்குலம் மழை என்று இருந்ததைப் படித்துவிட்டு அவள் சிலுவை போட்டுக்கொண்டு தொட்டிலின் மேல் குடையை விரித்துக் கட்டினாள். ஐந்து மணிக்கு, ஓட்டுக்கும் தொட்டிலுக்கும் நடுவில், மேகம் ஒன்றுமில்லாமல், நாலு பாய் அளவுக்கு மழை கொட்டியது. குடையும் தாங்காமல் தொட்டில் சொட்டச் சொட்ட நனைந்தது. அவள் மாற்றுத்துணி எடுத்து வந்தாள். வீட்டு மண்தரையில் பெய்து வெளியே வழிந்த அந்தத் தண்ணீரைக் குஞ்சம்மா குடத்தில் பிடித்துத் தன் செவ்வந்திச் செடிக்கு ஊற்றினாள்.

ஊர் இதற்கெல்லாம் அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் உட்கார வந்தார்கள், மூன்றாம் வாரம் கறந்த பாலையும் மல்லிகைச் சரத்தையும் உறைகுத்திய தயிரையும் கொண்டுவந்து தொட்டிலுக்கு அடியில் வைத்தார்கள், நாலாம் வாரம் கூட்டம் தாங்காமல் தெருவுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக் கதவில் எழுதி ஒட்டினார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் பாடம் படிக்க வந்தார்கள். கல்யாணப்பெண்கள் மண்டபத்துக்குப் போகுமுன் பூசிய பவுடர் கரையாமல் இருக்க அரைமணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மார்கழியில் பழைய பதிவேடு பதினான்கு டிகிரிக்கு இறங்கியபோது ஊரே வீட்டிலிருந்த கம்பளியைத் தேடி எடுத்துக்கொண்டு, குளிரில் நடுங்குகிற சுகத்துக்காகவே வந்தது. வாயிலிருந்து புகை வருவதைப் பிறந்ததிலிருந்து பார்த்திராத பள்ளிக்கூடப் பிள்ளைகள், புகையை ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதி விளையாடினார்கள்.

"நாளைக்கு எப்படிங் அம்மிணி?" என்று கேட்பார் கோழிப்பண்ணை அர்த்தநாரி. இருபதாயிரம் கோழிக்காரர், வெயிலுக்குத் தினம் நூறு கோழி செத்துக்கொண்டிருந்தது அவருக்கு.

ஜெசிந்தா பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்வாள். "நாளைக்கு முப்பத்தொண்ணுங்க. சாயந்திரம் தூறல்."

"அப்ப எங்க தெரு முறையச் சித்தெ மாத்திப் போடுங். போன தடவ நனைஞ்சே என்ற மாமனாருக்கு நெஞ்செல்லாம் சளி. இந்தக் காலத்து மழையா இருந்தா மாத்திரை இருக்குது, அந்தக் காலத்துச் சளிக்கு எங்கீங் மாத்திரைக்குப் போறது?"

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு வட்டத்துக்குள் இருக்கும், அவள் வட்டத்துக்கு வெளியே, சமையலறை வாசலில், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே வந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை, ஒரு ஆள் உட்காரும் இடம்தான் வீண் என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

"ஊரே குளுந்து கெடக்குது, உனக்கு மட்டும் என்னத்துக்கு இப்படி ஊத்துது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதாமா," என்றாள் குஞ்சம்மா, பூத் தொடுத்துக்கொண்டே. "பால்காரன் வூட்ல மோருக்குப் பஞ்சங்கிற மாதிரி."

காலையிலிருந்து சாயங்காலம்வரை வீட்டில் முப்பது பேர் வந்துபோனார்கள். நீ சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தொட்டில் பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குச் சமையலறை வாசல் முதுகுப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் போனபிறகு அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பதிவேட்டை வரப்போகிற நாள்களுக்குப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள், ஆலங்கட்டி இருக்கிறதா, இடி இருக்கிறதா, புயல் இருக்கிறதா என்று. அவளுடைய பயம் புயலைப் பற்றியது மட்டும் இல்லை. நான் ஒரு வருடத்தில் இருக்கிறேன், என் பிள்ளை இன்னொரு வருடத்தில் இருக்கிறாள், என் கை மட்டும் இங்கிருந்து அங்கே நீண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. கையை எடுத்தால் அந்த வருடம் அவளைத் தன் பிள்ளை என்று சொல்லி வைத்துக்கொள்ளுமோ என்று அவள் பயந்தாள். அதனால் கையை எடுக்கவில்லை. பெட்டிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் பிள்ளை இடுப்பிலேயே இருந்தது.

எமில்டாவுக்கு ஒரு வயது முடிந்த சித்திரையில் மேலேயிருந்து ஓர் ஆணை வந்தது. எந்தெந்த ஊரில் வெப்பக்கோடு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறதோ அந்தந்த ஊரில், காலை பதினொன்றிலிருந்து நாலு மணிவரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. சுற்றுவட்டத்து ஊர்களின் பெயர்களெல்லாம் பட்டியலில் இருந்தன. வெள்ளைக்கரடு இல்லை. நூறு வருடமாக ஏறிக்கொண்டிருந்த அதன் கோடு, கடைசி வருடத்தில் மட்டும் மாடு கால் தவறிக் கிணற்றில் விழுந்தது போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது.

ஊரார் அதைப் படித்துவிட்டு வருத்தப்படவில்லை. "நமக்கெதுக்குங் அதெல்லாம்? நமக்குத்தான் பாப்பா இருக்குதே," என்றார் அர்த்தநாரி, கொஞ்சம் பெருமையாகவே. கல்லுக்குழி நடத்துகிறவர் அந்த ஆணையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கல்லுக்குழி ஊரிலிருந்து இரண்டு மைல். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெருமுறை கிடையாது, ஏனென்றால் அவர்கள் இருந்த இடம் தெரு இல்லை, தகரக் கொட்டகைகள்.

சித்திரை இருபத்துமூன்றாம் நாள் மதியம், ராசப்பன் என்கிற கல்லுடைப்பவன் சம்மட்டியை ஓங்கியவன் ஓங்கிய இடத்திலேயே சரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரி பதினாறு மைல் என்பதால், அவனை ஒரு டிராக்டரில் போட்டுக் கூதல் பாப்பாவின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். தொட்டிலுக்குக் கீழே, தயிர்ச்சட்டிகளை நகர்த்திவிட்டு, அவனைக் கிடத்தினார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய காற்று அவன் மேல் வீசியது. அவன் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டான் என்று ஒருவர் சொன்னார், அவன் மனைவி மயிலாத்தாள் அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மயிர் சிலிர்த்தது சிலிர்த்தபடியே இருக்க, அவன் செத்துப்போனான்.

காரியம் முடிந்து பத்தாம் நாள் மயிலாத்தாள் வட்டார ஆபீஸ் வேலிக்கு வந்தாள். மணி இரண்டரை. ஜெசிந்தா பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள், எமில்டா இடுப்பில் இருந்து கதவின் கொக்கியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்தூர்ல எல்லாம் நாப்பத்துமூணு டிகிரின்னு பதனொரு மணிக்கே வூட்டுக்கு அனுப்பிச்சுப்போடறாங்களாமா," என்றாள் மயிலாத்தாள். "நம்மூரு சூடு இல்லைன்னு ஆரோ எழுதிக் குடுத்திருக்கறாங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. ஆரு எழுதுனது?"

"நாந்தானுங்க்கா."

"எப்படி எழுதறது?"

"இந்தக் குழாய்ல பாத்துங்க. எத்தனை காட்டுதோ அத்தனை."

"இப்ப எத்தனை காட்டுது?"

"முப்பத்துமூணரை."

மயிலாத்தாள் செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். தரை அவளை நிற்கவிடவில்லை. குழாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளை இருந்த இடுப்பைப் பார்த்தாள்.

"புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டா பாக்கறே?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். பிள்ளையின் வட்டத்துக்குள் குழாயும் இருக்கிறது என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊரே குளிர்ச்சி என்று சொன்னது, பழைய பதிவேடும் ஆமாம் என்றது, கண்ணாடிக் குழாயும் ஆமாம் என்றது, வேர்த்தது தனக்கு மட்டும்தான், அதனால் தப்பு தன் உடம்பில்தான் என்று ஒரு வருடமாக நம்பியிருந்தாள். அவள் எழுதியது வெள்ளைக்கரட்டின் வெயிலை இல்லை. நாலு பாய் அளவு இடத்தின் வெயிலை.

"ஊருக்கெல்லாம் முப்பத்துநாலு," என்றாள் மயிலாத்தாள். "என்ற வூட்டுக்காரருக்கு மட்டும் நாப்பத்துமூணு." சொல்லிவிட்டுச் சுடுமண்ணில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

ஆக வேண்டியது சின்னக் காரியம்தான். பெட்டிக்குப் போகும்போது பிள்ளையைப் பத்து நிமிடம் யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். ஜெசிந்தா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள், மூன்றாம் நாள் குஞ்சம்மாவிடம் கேட்டாள். "அட, பத்து நிமிசமென்ன, நாளெல்லாம் வுட்டுட்டுப் போ கண்ணு," என்றாள் குஞ்சம்மா. அவள் சந்தோஷப்பட்ட வேகமே ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸ் வேலிவரைக்கும் போனவள், கதவில் கைவைக்காமல் திரும்பி ஓடிவந்தாள். வீட்டில் தொட்டில் இல்லை. தயிர்ச்சட்டிகள் மட்டும் இருந்தன.

குஞ்சம்மா கைகாட்டிய பக்கம் ஓடிப் பார்த்தால், தொட்டில் அர்த்தநாரியின் கோழிப்பண்ணையில் இருந்தது. இரண்டு வரிசைக் கூண்டுகளுக்கு நடுவே, குறுக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு பேர் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்கள். தொட்டில் போன இடமெல்லாம் கோழிகள் திறந்த அலகை மூடி, இறகை ஒடுக்கி, ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்தன. எமில்டாவின் நெற்றியில் ஒரு வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. அவள் அழவில்லை, கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை.

"அஞ்சே நிமிசந்தானுங் அம்மிணி," என்றார் அர்த்தநாரி. "நீங்க வர்றதுக்குள்ள கொண்டாந்து கட்டிப்போடலாம்னு பாத்தேன். வாயில்லாச் சீவனுங், பாவமில்லீங்ளா?"

"கேட்டிருக்கலாமுங்களே," என்றாள் ஜெசிந்தா.

"கேட்டா நீங்க குடுப்பீங்களாக்கும்," என்றார் அவர், உண்மையாகவே சந்தேகப்பட்டு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கல்லுக்குழிக்குப் போகிற சுண்ணாம்புப் பாதையில் நடந்தாள், குடையில்லாமல், இரண்டு மைல். யாரிடம் கொடுத்தாலும் அவர்களுக்குப் பிள்ளையிடம் ஒரு தேவை இருக்கிறது, ஊரில் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆசைப்படாத ஒரே ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மயிலாத்தாள் கொட்டகை வாசலில் சல்லிக்கல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து பின்னால் போனாள். "அங்கியே நில்லு. அந்தக் கூதலுக்குள்ள நான் வரமாட்டேன். அதுக்குள்ள கெடத்தித்தான் அவரு போனாரு."

ஜெசிந்தா தள்ளியே நின்றாள். "தெனம் ரெண்டு வேளை, பத்துப் பத்து நிமிசமுங்க்கா. வேலிக்கு வெளிய வெச்சிருந்தாப் போதும். வேற ஆருகிட்டயும் குடுக்க முடியல. கோழிக்கூண்டுக்குள்ள கட்டி இழுக்கறாங்க."

"என்ற கிட்ட மட்டும் எப்படிக் குடுப்பே? உன்னாலதான் அவரு போனாருன்னு நெனச்சுக்கிட்டிருக்கறவ நானு. எங்கியாச்சும் போட்டுட்டு வந்துட்டேன்னா?"

"போடமாட்டீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க்கா," என்றாள் ஜெசிந்தா. "பயமாத்தான் இருக்குது."

மயிலாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காலைப் பார்த்தாள், ஜெசிந்தா பண்ணையிலிருந்து வந்த வேகத்தில் ஒரு செருப்பை எங்கோ விட்டிருந்தாள். கொட்டகைக்குள் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நடுவில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

"குடி," என்றாள். "சோறு தின்னியா இல்லையா, மூஞ்சியப் பாத்தாத் தின்ன மாதிரி இல்லையே."

மறுநாள் இரண்டரைக்கு ஆபீஸ் வேலிக்கு வெளியே மயிலாத்தாள் வந்து நின்றாள். "உனக்காவ இல்ல," என்றாள். "குழியில இன்னும் நாப்பது பேரு இருக்கறாங்க." கைகளை முன்னால் நீட்டி, பிள்ளை வாங்குகிற மாதிரி இல்லாமல் கொதிக்கிற சட்டி வாங்குகிற மாதிரி, எமில்டாவை வாங்கிக்கொண்டாள். ஜெசிந்தா துணியை அவிழ்த்த இடத்தில் இடுப்பு வெறுமையாக, ஈரமாக இருந்தது. "இருபதடி தள்ளிப் போங்க்கா," என்று சொன்னாள். அவர்கள் போனார்கள். பிள்ளை மயிலாத்தாளின் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். அது மயிலாத்தாளின் மூக்குத்தி இருந்த வெற்று ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். பாதரசம் முதலில் முப்பத்துநான்கில் இருந்து, பிறகு யாரோ தூக்கிவிட்டது போல முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று என்று ஏறி, நாற்பத்துமூன்று புள்ளி எட்டில் போய் நின்றது. அவளுக்கு இந்த ஒரு வருடமாக வேர்த்ததெல்லாம் அந்தக் கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

பதிவேட்டைப் பெட்டியின் காலடியில் வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, போன சித்திரையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, தான் எழுதிய எல்லா எண்களின் மேலும் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு கிழித்தாள். பிள்ளை குப்புற விழுந்த நாள், பல் முளைத்த நாள், முதன்முதலாக அம்மா என்ற நாள், எல்லாம் அதில் போயின. இனி எந்தக் காலத்தில் யார் அந்தக் கோட்டை இழுத்தாலும் அந்த வருடத்தில் ஓர் இடைவெளிதான் இருக்கும். கடைசிப் பத்தியில், இடி, புழுதிக்காற்று, மூடுபனி என்று பார்த்ததைக் குறிக்கிற இடத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் காரணம் எழுதினாள்: குழந்தை உடன் இருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது மயிலாத்தாள் இருபதடிக்கு அப்பால் வெயிலில் நின்றிருந்தாள். அவள் தோள்கள் குறுகியிருந்தன. ஒரு கையால் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் சேலை முந்தானையை இழுத்து இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா புதுப் பக்கத்தைத் திருப்பினாள். தேதியை எழுதினாள். 43.8 என்று எழுதினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கடைசிப் பத்தியில், அச்சடித்தது போன்ற எழுத்தில் எழுதினாள்: குழந்தை உடன் இல்லை.